யாருக்கு ஓய்வு? யாருடைய கடல்?

முகையூரில் விவசாயத் தொழிலாளர் கிளைக் கூட்டம் நடந்தது. கரும்பு வெட்டுக் கூலி, மனைப் பட்டா, ரேஷன் கடை எல்லாம் பேசி முடித்துக் கலையும் நேரம். ஒரு தோழர் இடுப்பில் மடித்து வைத்திருந்த வழவழப்பான தாள் ஒன்றை எடுத்து நம்மிடம் நீட்டினார். சென்னையில் ஓட்டல் வேலை பார்க்கும் அவருடைய மகன் கொண்டு வந்ததாம். அதில் நீலக் கடல்; வெள்ளைப் படகு; ஒரு கனவான் தம் மார்பளவு மீனை இரு கைகளிலும் ஏந்திச் சிரிக்கிறார். "உங்கள் கனவுப் பிரயாணத்தை இன்றே திட்டமிடுங்கள்" என்பது அதன் சாரம். எந்த மாதம் போகலாம், எந்தத் தீவுக்குப் போகலாம், எந்த மீனுக்கு எந்தத் தூண்டில் என்றெல்லாம் அதில் விளக்கியிருந்தார்கள்.

தோழர் கேட்டார்: "தோழரே, மீனப் புடிச்சி படம் எடுத்துக்கிட்டு மறுபடியும் தண்ணியிலயே வுட்டுடுவாங்களாமே! அதுக்கா இம்மாம் காசு?"

எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் அது சிரித்துவிட்டு மறக்கிற கேள்வி அல்ல. அந்தத் தாளுக்குள் இன்றைய சமுதாயத்தின் சங்கதி முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆகவே அந்தத் தோழருக்கும், அவரைப் போன்ற ஆயிரமாயிரம் தோழர்களுக்கும் இங்கே பதில் சொல்கிறோம்.

தூண்டிலின் விலை 298 நாள்

உலகம் முழுவதும் செல்வந்தர்களுக்கு இது ஒரு பெரிய விளையாட்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா, கியூபா, மாலத்தீவு, ஆஸ்திரேலியா என்று அதற்கென்றே பேர்போன கடல்கள் இருக்கின்றன. நம் தேசத்தில் அந்தமான் தீவுகளுக்கு அந்தப் பெயர் கிடைத்திருக்கிறது. சென்னையிலிருந்து கடல் வழியே கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர். கூலிக்காரன் கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள். கனவான் விமானத்தில் போனால் இரண்டு, இரண்டரை மணி நேரம். மழைக் காற்று ஓய்ந்து கடல் அடங்கியிருக்கும் மாதங்களாகப் பார்த்துப் போகிறார்கள். பவளப் பாறைகளை ஒட்டிப் படகை நிறுத்தி, பெரும் பாறை மீன் இருக்கும் இடம் பார்த்து மரத்தில் செய்த பொய் மீனை வீசி, நீர் தெறிக்க வெட்டி வெட்டி இழுக்கிறார்கள். இரை ஓடுகிறது என்று ஏமாந்து பாறை மீன் பாய்ந்து கவ்வுகிறது. அரை மணி நேரம் மல்லாட்டம். பிறகு எடை, படம், கைதட்டல். பிறகு மீன் மறுபடியும் கடலுக்கு.

மீனை உயிரோடு விடுவதை நாம் குறை சொல்லவில்லை. முட்டையிடும் பெரிய மீன் கடலில் இருப்பது நல்லதுதான். நாம் பார்ப்பது கணக்கை. அந்தக் கையில் இருக்கும் தூண்டிலின் சுருள் எந்திரம் உயர்ந்த ரகமாக இருந்தால் அதன் விலை மட்டும் லட்ச ரூபாயை ஒட்டி வரும். 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய். அப்படியானால் அந்தச் சுருளின் விலை 298 நாள் கூலி! ஆண்டுக்கு நூறு நாள் என்று சட்டம் சொன்ன வேலை முழுவதும் தவறாமல் கிடைத்திருந்தாலும், மூன்று ஆண்டு மண் வெட்டினால்தான் அது கைக்கு வரும். படகு வாடகை, ஓட்டல் அறை, விமானச் சீட்டு எதையும் இன்னும் சேர்க்கவில்லை. 2005-ல் வந்த அந்தச் சட்டத்தையும் 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் மாற்றிவிட்டார்கள். அது வேறு கதை.

நாம் சந்தோஷத்துக்கு விரோதிகளா?

"பார்த்தீர்களா, கம்யூனிஸ்டுகளுக்கு அடுத்தவன் சந்தோஷமாக இருந்தால் பொறுக்காது!" என்று முதலாளிகளின் பத்திரிகைகள் சொல்லும். இந்தப் பொய்யை முதலில் முறித்துப் போடுவோம்.

தூண்டில் போடுவது நமக்குத் தெரியாததா? மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் முகையூர் வட்டாரத்துச் சிறுவன் மூங்கில் கழியும் மண்புழுவுமாகக் கரையில் குந்தியிருப்பதில் உள்ள ஆனந்தம் எந்தக் கோடீசுவரனின் ஆனந்தத்துக்கும் குறைந்ததல்ல. புரட்சிக்காரர்களுக்கும் அந்த ருசி உண்டு. 1960 மே மாதம் கியூபாவில் நடந்த கடல் தூண்டில் போட்டியில் ஃபிடல் காஸ்ட்ரோ கலந்துகொண்டு வென்றார். எழுத்தாளர் ஹெமிங்வே தம் கையாலேயே கோப்பையைக் கொடுத்தார். ஆனால் அந்த மனிதர் தூண்டில் போடுவதற்கு முன்னால் கியூபாவில் என்ன நடந்தது? 1959-ல் புரட்சி வெற்றி பெற்ற சில மாதங்களுக்குள், தனவந்தர்கள் வேலி போட்டு அனுபவித்து வந்த கடற்கரைகள் எல்லா மக்களுக்கும் திறந்து விடப்பட்டன. முதலில் வேலி போயிற்று. பிறகு தூண்டில் வந்தது. அதுதான் வித்தியாசம்.

ஓய்வு என்பது யாரோ போடும் பிச்சையல்ல. தொழிலாளி வர்க்கம் ரத்தம் சிந்தி வாங்கிய உரிமை. பிரான்சு தேசத்தில் 1936 ஜூன் மாதம் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்து, ஆண்டுக்கு இரண்டு வாரம் கூலியோடு விடுமுறை என்ற சட்டத்தைப் பெற்றார்கள். வாழ்க்கையில் கடலையே பார்த்திராத குடும்பங்கள் அந்தக் கோடையில் முதல் முறையாகக் கடற்கரைக்குப் போயின.

அதே 1936-ல், அதே பிரான்சின் கொடி பறந்த புதுச்சேரியில் என்ன நடந்தது? நம் விழுப்புரத்துக்குப் பக்கத்து ஊர்தானே அது! எட்டு மணி நேர வேலை கேட்டு, சங்க உரிமை கேட்டுப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் போராடினார்கள். தோழர் வ. சுப்பையா தலைமை தாங்கினார். ஜூலை 30-ம் தேதி சவானா ஆலையில் துப்பாக்கிகள் வெடித்தன. 12 தொழிலாளர்கள் பிணமாக விழுந்தார்கள். பாரிசுத் தொழிலாளிக்குக் கடற்கரை. புதுவைத் தொழிலாளிக்குக் குண்டு! ஆனாலும் புதுவைத் தொழிலாளி பின்வாங்கவில்லை; எட்டு மணி நேர வேலையை வாங்கியே தீர்த்தான். இன்று அந்தப் பழைய ஆலைகளின் சங்கு ஓய்ந்துவிட்டது. அவர்கள் வாங்கித் தந்த உரிமை ஓயவில்லை.

ஆலைத் தொழிலாளிக்காவது சட்டத்தில் ஓர் இடம் உண்டு. 1948-ம் ஆண்டு ஃபாக்டரி சட்டம் 240 நாள் வேலை செய்தவனுக்கு 20 நாளைக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுமுறை என்றது. 2025 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த 240-ஐ 180 ஆக்கியிருக்கிறது. ஆனால் காண்டிராக்ட் என்ற பெயரில் ஆறு மாதத்துக்கு முன்பே கழற்றிவிடப்படும் தொழிலாளிக்கு 180 என்றால் என்ன, 240 என்றால் என்ன? கரும்பு அரவை முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்படும் பருவகாலத் தொழிலாளியைக் கேட்டுப் பாருங்கள்.

விவசாயத் தொழிலாளிக்கோ அதுவும் இல்லை. அவனுக்கு விடுமுறை என்பது வேலை கிடைக்காத நாள். அவளுக்கு ஓய்வு என்பது காய்ச்சலில் படுத்த நாள். கனவான் ஓய்வெடுத்தால் செலவு கணக்கு எழுதுகிறான்; நாம் ஓய்வெடுத்தால் அடுப்பு எரிவதில்லை.

கனவுத் தீவு யாருக்குக் கனவு?

இனி அந்தத் தீவைப் பார்ப்போம். வழவழப்பான தாள் சொல்லாத சங்கதிகள் அங்கே நிறைய உண்டு.

வெள்ளைக்காரன் 1906-ல் அங்கே செல்லுலர் சிறையைக் கட்டி முடித்தான். தேச விடுதலைக்குப் போராடியவர்களை அங்கே கொண்டுபோய்ச் செக்கிழுக்க வைத்தான். 1933-ல் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தபோது மூக்கில் குழாயைச் செருகிப் பலாத்காரமாகப் பால் ஊற்றினார்கள். மகாவீர் சிங், மோகித் மைத்ரா, மோகன் கிஷோர் நாமதாஸ் ஆகிய மூன்று வீரர்கள் மாண்டார்கள். அந்தச் சிறைக்குள்ளேயே படித்து, விவாதித்து, 1935-ல் கம்யூனிஸ்ட் ஸ்தாபனம் ஒன்றை அமைத்தார்கள் கைதிகள். 1937-ல் மீண்டும் உண்ணாவிரதம், நாடெங்கும் கிளர்ச்சி, அதன் பிறகே அரசியல் கைதிகளைத் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கடலின் கரையில்தான் இன்று "கனவுப் பிரயாணம்" விற்கிறார்கள்.

அங்கே நம் ஜனங்களும் இருக்கிறார்கள். சாலை போட, மரம் வெட்ட, சுமை தூக்கத் தமிழகத்திலிருந்து கப்பலேறியவர்கள் எத்தனையோ பேர். 1964-ம் ஆண்டு சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட தமிழ்க் குடும்பங்களில் சிலரைக் கொண்டுபோய் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றினார்கள். 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்தபோது அதிகம் அடிபட்ட தீவுகளில் கச்சாலும் ஒன்று. தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள் கடலாலும் துரத்தப்பட்டார்கள்.

அதே சுனாமியில் பெரிய நிக்கோபார் தீவின் பழங்குடி மக்கள் கடலோரத்துச் சொந்தக் கிராமங்களை இழந்து முகாம்களுக்கு வந்தார்கள். "எங்கள் பழைய இடத்துக்கே திரும்பிப் போகிறோம்" என்று அவர்கள் கேட்டபடி இருக்கிறார்கள். சர்க்காரோ அந்த இடங்களையும் சேர்த்து வேறு திட்டம் போட்டது. 72,000 கோடி ரூபாயில் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், புது நகரம் என்று அறிவித்தார்கள். அதில் உல்லாசப் பிரயாணத்துக்கும் இடம் உண்டு. அதற்கென்று 130 சதுர கிலோமீட்டர் காடு. கடலாமைகள் வந்து முட்டையிடும் கலாத்தியா விரிகுடாவின் சரணாலயத்தை 2021 ஜனவரியில் ரத்து செய்தார்கள். 2022 நவம்பரில் பழங்குடிக் கவுன்சில் தன் சம்மதத்தை வாபஸ் வாங்கிக்கொண்டது. சர்க்கார் கேட்டதா? இல்லை.

தூண்டில்காரக் கனவானுக்கு மீனை உயிரோடு திருப்பி விடத் தெரிகிறது. மண்ணின் மக்களை அவர்கள் கிராமத்துக்குத் திருப்பி விட இந்த சர்க்காருக்குத் தெரியவில்லை!

நம் கரையிலும் இதே கதை

அந்தமான் தூரத்தில் இருக்கிறது என்று யாரும் எண்ண வேண்டாம். நம் மாவட்டத்தின் மேற்கே முகையூர், கிழக்கே மரக்காணம். ஒரே மாவட்டம்தான். மரக்காணத்திலிருந்து தெற்கே பொம்மையார்பாளையம், சின்னமுதலியார்சாவடி வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்ப் பாருங்கள். சாலைக்கும் கடலுக்கும் நடுவே எத்தனை உல்லாச விடுதிகள், எத்தனை மதில்கள்!

குப்பத்து மக்களின் நிலை என்ன? 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டிச் சுவர் கட்டினார்கள். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். சுவர் குறுக்கே நின்றதும் மணல் தென்புறம் தேங்கிற்று. வடபுறத்துக் குப்பங்களுக்கு மணல் வரவில்லை. அலை அரிக்க ஆரம்பித்தது. வலை உலர்த்திய இடம் போயிற்று, படகு ஏற்றிய இடம் போயிற்று, கடைசியில் வீடுகளும் விழுந்தன. கரையைக் காக்கத் "தூண்டில் வளைவு" கட்டித் தாருங்கள் என்று மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சாலை மறியல் செய்கிறார்கள். ஓர் ஊருக்குக் கல் கொட்டினால் அடுத்த ஊரில் அரிக்கிறது. கனவான் கேட்கும் தூண்டில் மறுநாளே விமானத்தில் வருகிறது. மீனவன் கேட்கும் தூண்டில் வளைவுக்குத் தலைமுறையே காத்திருக்கிறது.

சட்டம் யார் பக்கம்? 1991-ல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பு, கிராமப்புறக் கரையில் அலை ஏறும் எல்லையிலிருந்து 200 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தது. மீனவர் போராடிக் காத்த கட்டுப்பாடு அது. 2019 ஜனவரியில் வந்த புதிய அறிவிப்பு, ஜன நெருக்கம் மிகுந்த கிராமக் கரைகளில் அதை 50 மீட்டராகச் சுருக்கிவிட்டது. மணல்வெளியிலேயே உல்லாசப் பிரயாணிகளுக்குத் தற்காலிகக் கொட்டகைகள் போடவும் வழிவிட்டது. தற்காலிகம் என்று நுழைவது நிரந்தரமாவது நமக்குத் தெரியாதா? ஏரிப் புறம்போக்கில் பணக்காரன் போட்ட "தற்காலிக" வேலியை நாம் பார்த்ததில்லையா?

இன்னொரு கணக்கும் கேளுங்கள். மீன் பெருகுவதற்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன்வளம் காக்கும் அந்த விதியை மீனவர்கள் ஏற்றுக்கொண்டு கரையில் பொறுத்திருக்கிறார்கள். அதற்குக் குடும்பத்துக்குக் கிடைக்கும் நிவாரணம் 8,000 ரூபாய். ஒரு நாளைக்கு 131 ரூபாய்! கடலைக் காக்கத் தியாகம் செய்பவன் மீனவன். கடலைக் காட்டிக் காசு பார்ப்பவன் விடுதி முதலாளி. பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்.

அவர்கள் சொல்லும் மூன்று வாதங்கள்

முதல் வாதம்: "உல்லாசப் பிரயாணம் வளர்ந்தால் உள்ளூரில் வேலை கிடைக்கும்." கிடைக்கட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் என்ன வேலை? தலைமுறை தலைமுறையாகக் காற்றையும் நீரோட்டத்தையும் படித்தவன், சொந்தப் படகின் தலைவனாக இருந்தவன், வேறொருவன் படகில் தூண்டிலுக்கு இரை கோத்துக் கொடுக்கும் கூலியாள் ஆவதா வளர்ச்சி? மீன் எங்கே நிற்கும் என்ற அறிவு அவனுடையது. படகும் லாபமும் வேறொருவனுடையதா? அவனுக்கு நிரந்தர வேலை உண்டா, பிராவிடண்ட் ஃபண்டு உண்டா, கை ஒடிந்தால் ஈட்டுத்தொகை உண்டா? பருவம் முடிந்தால் அவன் கதி என்ன? இவற்றுக்குப் பதில் சொல்லிவிட்டு வளர்ச்சி பேசட்டும்.

இரண்டாவது வாதம்: "வெளிநாட்டுப் பணம் வரும்." எந்த வாசல் வழியே வந்து எந்தப் பெட்டிக்குள் போகிறது? விமானக் கம்பெனிக்கு ஒரு பங்கு, ஓட்டல் கம்பெனிக்கு ஒரு பங்கு, தரகனுக்கு ஒரு பங்கு. குப்பத்துக்கு வந்து சேருவது எவ்வளவு என்று எந்த மந்திரியாவது கணக்குக் காட்டட்டும்.

மூன்றாவது வாதம் மிகவும் சாமர்த்தியமானது: "கடல் எல்லோருக்கும் பொது. மீனவர்களுக்கு மட்டும் சொந்தமா?" ஆகா! ஆலை எல்லோருக்கும் பொது என்று நாம் சொன்னால் இவர்களுக்குக் கோபம் வருகிறது. நிலம் எல்லோருக்கும் பொது என்றால் போலீசு வருகிறது. மீனவன் உழைக்கும் கடல் மட்டும் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது! சரி, பொது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் விடுதியின் மதிலை இடியுங்கள். முகையூர் விவசாயத் தொழிலாளி தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த மணலில் வந்து உட்காரட்டும். காவல்காரன் விடுவானா? பணம் உள்ளவனுக்குத் திறப்பதும் இல்லாதவனுக்கு மூடுவதும் பொது அல்ல; அதற்குப் பெயர் தனியுடைமை.

முகையூருக்கு இதில் என்ன?

"கடலே இல்லாத ஊரில் கடலைப் பற்றி ஏன் பேச வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். நம் ஏரியைப் பாருங்கள், பதில் கிடைக்கும். ஏரி நிரம்பியதும் மீன்பாசி ஏலம் வருகிறது. யார் எடுக்கிறான்? கையில் ரொக்கம் உள்ளவன். ஏலம் எடுத்த மறுநாள் முதல், தூண்டில் போட்ட சிறுவன் திருடன் ஆகிறான். சேற்றில் தடவி நாலு மீன் பிடித்த தாய்க்கு வசவு விழுகிறது. ஏரிக்குக் குடிமராமத்து வேலை செய்தவன் ஒருவன், மீன் தின்பவன் வேறொருவன். ஏரியில் சிறிதாக நடப்பதுதான் கடலில் பெரிதாக நடக்கிறது. நம்மைத் துரத்தும் கையும் குப்பத்தைத் துரத்தும் கையும் ஒரே வர்க்கத்தின் கைதான்.

போராடினால் என்ன ஆகிவிடப் போகிறது என்று சோர்ந்து போகிறவர்களுக்கு ஒரு விஷயம். 1991-ல் மத்திய சர்க்கார் ஆழ்கடலை அந்நியக் கம்பெனிகளின் கூட்டுக் கப்பல்களுக்குத் திறந்துவிட்டது. கேரளம், தமிழகம் முதல் வங்காளம் வரை மீனவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1994-ல் நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடந்தது. சர்க்கார் பணிந்து முராரி கமிட்டியைப் போட்டது. அந்தக் கமிட்டியே 1996-ல் அந்த அனுமதிகளை ரத்து செய்யச் சிபாரிசு செய்தது. சாதி வேறு, மொழி வேறு, மதம் வேறு என்றிருந்த கரைகள் ஒன்றுசேர்ந்ததால் வந்த வெற்றி அது. கரை மட்டுமல்ல, வயலும் ஆலையும் சேர்ந்து நின்றால் என்னவெல்லாம் சாதிக்கலாம்!

ஆகவே நாம் கோருகிறோம்:

கடலோரத்தில் 200 மீட்டர் கட்டுப்பாட்டை மீண்டும் கொண்டு வா! படகு ஏற்றும் இடம், வலை உலர்த்தும் இடம் அனைத்தையும் குப்பத்தின் பொதுச் சொத்தாக வரைபடத்தில் குறி!

கடலில் உல்லாசப் படகு விடுவதானால் அந்த உரிமையை உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கொடு! படகுத் தொழிலாளிக்குச் சட்டப்படி கூலியும் காப்பீடும் கொடு!

தடைக்கால நிவாரணத்தை நூறு நாள் வேலைக் கூலி அளவுக்காவது உயர்த்து! 61 நாளைக்கு 336 ரூபாய் வீதம் 20,496 ரூபாய் ஆகிறது, 8,000 அல்ல!

பெரிய நிக்கோபாரின் பழங்குடி மக்களை அவர்கள் கிராமங்களுக்குத் திரும்ப விடு!

ஏரி மீன்பாசியை ஏலக்காரனுக்கு விடாதே. விவசாயத் தொழிலாளர் கூட்டுறவுக்குக் கொடு! விவசாயத் தொழிலாளிக்கும் கூலியோடு விடுமுறை கொடு!

கடைசிக் கோரிக்கையைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். 1936-ல் பாரிசு முதலாளிகளும் சிரித்தார்கள். புதுவை ஆலை முதலாளிகள் சிரிக்கக்கூட இல்லை, சுட்டார்கள். யார் வென்றார்கள் என்பது சரித்திரம்.

அந்த வழவழப்பான தாளை நாம் தோழரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். அவர் அதை மடித்து மறுபடியும் இடுப்பில் செருகிக்கொண்டார். "எம் பேரனுக்குக் கடல் படத்தைக் காட்டணும் தோழரே, அவன் இன்னும் கடலயே பாத்ததில்ல" என்றார். நம் மாவட்டத்தின் கடலை நம் மாவட்டத்துப் பிள்ளை படத்தில்தான் பார்க்க வேண்டுமா? அந்தப் பிள்ளை மரக்காணத்து மணலில் ஓடி விளையாடும் நாள் வரவேண்டும். அவனுக்குக் கடலைக் காட்ட, கரையில் வீடிழக்காத ஒரு மீனவத் தோழர் தம் படகோடு நிற்க வேண்டும். நாம் திட்டமிடும் கனவுப் பிரயாணம் அதுதான். அதற்கு விமானச் சீட்டு வேண்டாம்; சங்கத்தின் ரசீதுச் சீட்டு போதும்.

வயலும் ஆலையும் குப்பமும் ஒன்றுபடட்டும்! உழைப்பவனுக்கு ஓய்வு! உழைப்பவனுக்குக் கடல்!